நின்ற இடத்திலேயே ஓடிய வண்டி

செங்கோட்டையைத் தாண்டிவிட்டாலே எனக்கு வெளிநாடுதான். பஸ் போர்டு படிக்க வராது. டீ கேட்டால் சாயா வரும், சோறு கேட்டால் தட்டில் விழும் ஒவ்வொரு பருக்கையும் கொண்டைக்கடலை அளவில் இருக்கும். ஆகவே கொச்சி மட்டாஞ்சேரிக்குப் போய் வந்ததை வெளிநாட்டுப் பயணம் என்றே எழுதுகிறேன். என்னிடம் பாஸ்போர்ட் இல்லையே என்று யாரும் கேட்க வேண்டாம்.

எனக்குப் புளியங்குடியில் இரு சக்கர வண்டிகளுக்கு வயரிங் பார்க்கிற கடை. பேட்டரி, செல்ஃப், ஹாரன், லைட்டு, இவைதான் என் உலகம். கடையைப் பூட்டிவிட்டு ஊர் சுற்றுகிற ஆள் இல்லை நான். தம்பி செல்வத்தின் மனைவி ஷீஜா போன் செய்ததால்தான் கிளம்பினேன்.

"அத்தான், வண்டி ஸ்டார்ட் ஆவல்ல. இங்கெ எல்லாரும் நோக்கியாச்சு. நீங்க ஒருக்கா வரணும்" என்றாள்.

"கொச்சியில மெக்கானிக்குக்கா பஞ்சம்? அந்த வண்டியை இப்போ யார் ஓட்டுறா?" என்றேன். நான் பேசுகிற லட்சணம் அப்படி. அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது. வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

செல்வம் போன மழைக்காலத்தில் இறந்துபோனான். எலிக்காய்ச்சல். மட்டாஞ்சேரியில் மழை பெய்தால் தெருத் தண்ணீர் முழங்கால் வரை நிற்கும்; அதில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறான். முதலில் சாதாரணக் காய்ச்சல் என்றார்கள், பிறகு சிறுநீரகம் என்றார்கள். அவனை ஆம்புலன்சில் புளியங்குடிக்குக் கொண்டுவந்துதான் எரித்தோம். ஷீஜா கூடவே வந்தாள். குழந்தை மீனுவுக்கும் காய்ச்சல் என்று பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

வெறுங்கையோடு போகக் கூடாதே என்று ஒரு சாக்குப்பை நிறைய எலுமிச்சம்பழம் எடுத்துக்கொண்டேன். எங்கள் ஊரிலிருந்து வேறு எதைக் கொண்டுபோவது? எர்ணாகுளத்தில் படகு ஏறும்போது பை அடியில் கிழிந்தது. பழங்கள் படகு முழுக்க உருண்டன. நம் ஊராக இருந்தால் பாதி திரும்பி வந்திருக்காது. இங்கே ஒரு காலேஜ் பெண்ணும், இரண்டு வெள்ளைக்காரர்களும், மீன்கூடைக்காரம்மாவும் சீட்டுக்கு அடியில் குனிந்து பொறுக்கிக் கொடுத்தார்கள். மீன்கூடைக்காரம்மா மட்டும் ஒரு பழத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, "இது நான் எடுத்தோட்டே?" என்று கேட்டு மடியில் போட்டுக்கொண்டாள். கேட்டுவிட்டு எடுத்தாளே, அதுவே பெரிய விஷயம்.

மட்டாஞ்சேரியில் இறங்கியதும் மூக்கில் ஏறுவது சுக்கு வாசனை. கிடங்குகளில் பெண்கள் தரையில் உட்கார்ந்து சுக்கை உருட்டிப் பொறுக்கிக்கொண்டிருப்பார்கள். ஷீஜாவுக்கும் அதுதான் வேலை. அவளுடைய ஆட்கள் மூன்று தலைமுறைக்கு முன்பே நம் பக்கத்திலிருந்து நகராட்சி வேலைக்கு வந்தவர்கள். வீட்டில் தமிழ் பேசுவார்கள், சண்டை மட்டும் மலையாளத்தில் போடுவார்கள். கட்டட வேலைக்கு வந்த செல்வம் அவளைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டான். பிறகு களமசேரியில் ஒரு கம்பெனியில் காண்டிராக்ட் வேலை கிடைத்தது. விடியுமுன் வண்டியை எடுப்பான், ராத்திரி பிள்ளை தூங்கியபின் வருவான். ஞாயிறு ஒரு நாள்தான் மகள் மீனு அப்பாவைப் பார்ப்பாள்.

லைன் வீடு. வாசலில் அரையடிப் படி, அதை ஒட்டிச் செல்வத்தின் வண்டி. கதவைத் திறந்தது மீனு. நாலு வயசு, செல்வத்தின் அதே முன்பல் இடைவெளி. என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்பா இல்லா. ஜோலிக்குப் போயி. ராத்திரி வரும்" என்றாள்.

எனக்கு மலையாளம் அவ்வளவாகத் தெரியாது. ஆனாலும் இது புரிந்துவிட்டது. பையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

ஷீஜா என்னைச் சமையல்கட்டுக்கு அழைத்துப்போய் சாயாவுக்குத் தண்ணீர் வைத்தபடி தாழ்ந்த குரலில் சொன்னாள். சாவு அன்றைக்குப் பக்கத்து வீட்டு லைலாத்தா பிள்ளையைச் சமாளிக்க, அப்பா ஜோலிக்குப் போயிருக்கிறார் என்று சொல்லியிருக்கிறார்.

"நான் ஊர்லேர்ந்து திரும்பி வந்தப்போ அவ உறக்கம். மறுநாள் விடியக்காலம் வண்டியை ஸ்டார்ட் பண்ணேன் அத்தான். பேட்டரி போயிரும், சும்மா நிக்கிற வண்டியை தினமும் ஸ்டார்ட் ஆக்கி வைக்கணும்னு அவங்க எப்பவும் சொல்வாங்க, அதான். இவ உறக்கத்துல அந்த சத்தம் கேட்டிருக்கா. எழுந்திரிச்சதும், அப்பா ஜோலிக்குப் போயாச்சான்னு கேட்டா. எனக்கு வாய் வரல்ல. ம்னு சொல்லிட்டேன்."

அன்று சொன்ன அந்த 'ம்' நடந்துகொண்டே இருக்கிறது. தினமும் விடியுமுன் ஷீஜா வாசலுக்கு வந்து வண்டியை ஸ்டார்ட் செய்வாள். செல்வம் கிளம்பும்போது ஹாரனை ஒரே ஒரு தட்டு தட்டுவான், அதையும் தட்டுவாள். ஒரு சாயா குடிக்கிற நேரம் ஓடவிட்டு அணைப்பாள். உள்ளே பிள்ளை கண்ணைத் திறக்காமலே "டாட்டா" என்பாள். பகலெல்லாம் வண்டி வாசலிலேயே நிற்கிறதே என்று கேட்டால், அப்பா அதைச் சூடாக்கி வைத்துவிட்டுக் கம்பெனி வேனில் போகிறார் என்று பதில். ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு ஓவர்டைம். லைனில் அத்தனை பேருக்கும் தெரியும். மளிகைக்கடைக்காரர் முதல் அங்கன்வாடி டீச்சர் வரை ஒருவரும் வாயைத் திறப்பதில்லை.

எனக்குக் கோபம் வந்தது. ஊரே சேர்ந்து ஒரு பச்சைப் பிள்ளையை ஏமாற்றுகிறதே என்று. "இது எத்தனை நாளைக்கு?" என்றேன். ஷீஜா சாயாவை ஆற்றிக் கொடுத்தாள். அவளுடைய விரல் நகங்களில் சுக்குத் தூள் ஏறிப்போயிருந்தது. நான் சாயாவைக் குடித்தேன்.

வண்டிக்கு வருகிறேன். இது கிக்கர் இல்லாத வண்டி. செல்ஃப் பட்டனை அழுத்தினால்தான் உண்டு. பேட்டரி போனால் எல்லாம் போச்சு. செல்வம் இதில் லித்தியம் பேட்டரி போட்டிருந்தான். போட்ட அன்றைக்கு எனக்கு வீடியோவில் காட்டினான். உள்ளங்கையில் வைத்துத் தூக்கி, "பாருண்ணே, பன் மாதிரி இருக்கு" என்று சிரித்தான். பழைய பேட்டரி ஆசிட்டும் கனமுமாகச் செங்கல்போல இருக்கும். ஆனால் அது சாகப்போகிறது என்றால் முன்கூட்டியே சொல்லிவிடும். செல்ஃப் இழுக்கும், ஹாரன் கம்மும், லைட்டு மங்கும். லித்தியம் அப்படி இல்லை. நேற்று வரை ஜம்மென்று இருக்கும். உள்ளே ஒரு சின்ன சர்க்யூட் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறது. சார்ஜ் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் அது கதவைச் சாத்திவிடும். மீட்டர் வைத்தால் பூஜ்யம் காட்டும். என் தம்பியும் எந்த அறிவிப்பும் இல்லாமல்தான் போனான். அன்றைக்கு என் மீட்டர் காட்டியதும் அந்தப் பூஜ்யத்தைத்தான்.

பேட்டரியைக் கழற்றிப் பார்த்தேன். பேட்டரி உப்பவில்லை, சூடும் இல்லை. உப்பியிருந்தால் அந்த வீட்டில் ஒரு நிமிஷம் வைத்திருக்க மாட்டேன். லித்தியம் பற்றினால் தண்ணீருக்கும் அடங்காது. நான் கொண்டுபோயிருந்த சார்ஜர் லித்தியத்துக்கென்றே ஆனது. அதில் மாட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு பச்சை விளக்கு மினுங்கியது. காவல்காரன் கதவைத் திறந்துவிட்டான்.

"உசிரு இருக்கா?" என்றாள் ஷீஜா.

"இருக்கு, உறங்குது" என்றேன்.

ராத்திரிச் சாப்பாடு கப்பையும் மத்தி மீன் கறியும். கப்பையை நான் மரவள்ளிக்கிழங்கு என்று கேலி செய்து பழகியவன். அன்று இரண்டு முறை கேட்டு வாங்கினேன். மீனு எனக்கு எதிரே உட்கார்ந்து, அப்பாவுக்கு என்று ஒரு துண்டு மீனைத் தனியே ஒதுக்கி வைத்தாள். அதை ஷீஜா மூடி வைத்தாள். பிள்ளை தூங்கியதும் யார் சாப்பிடுவார்கள் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் ஜோஷி சேட்டனைப் போய்ப் பார்த்தேன். தோப்பும்படியில் பட்டறை வைத்திருக்கிறவர், இந்த வண்டியோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டியவர். முன்பும் இப்படிப் பூஜ்யம் ஆகி, அவர் வீட்டுக்கே வந்து சார்ஜ் ஏற்றிக் கொடுத்திருக்கிறார். இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி பூஜ்யம். ரெகுலேட்டரை மாற்றியிருக்கிறார், காயிலைச் சந்தேகப்பட்டிருக்கிறார். லித்தியத்தைத் தூக்கி எறிந்துவிட்டுச் சாதாரண பேட்டரி போடலாம் என்றதற்கு ஷீஜா, அது அவர் போட்டது, மாற்ற வேண்டாம் என்றுவிட்டாளாம்.

அவரையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, இரண்டு பேருமாக வண்டியைச் சோதித்தோம். ஆக்சிலரேட்டரைத் திருகினால் மீட்டர் பதினாலு வோல்ட்டைத் தாண்டி ஏறுகிறது. காயில் சுத்தம், ரெகுலேட்டர் சுத்தம், எங்கும் கரண்ட் கசியவில்லை. வண்டிக்கு ஒரு நோயும் இல்லை.

"திவசமும் ஓட்டுந்நுண்டு என்னல்லே அவர் பறஞ்ஞது?" என்றார் ஜோஷி. தினமும் ஓட்டுகிறோம் என்று ஷீஜா அவரிடம் சொல்லியிருக்கிறாள். நான் பின்சக்கரத்தைக் காட்டினேன். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே சிலந்தி வலை. காய்ந்துபோன ஈசல் சிறகுகள் அதில் ஒட்டியிருந்தன. பழைய வலைதான்.

அவர் என்னை எதிர்க்கரையிலுள்ள வைப்பின் தீவுக்கு மீன் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனார். வண்டிகளை ஏற்றிக்கொண்டு கடலைக் கடக்கும் ஜங்காரில் நின்றபடி அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த வண்டி ஒரு அடிகூட நகர்வதில்லை. விடியக்காலையில் செல்ஃப் போட பேட்டரியிலிருந்து ஒரு வாய் போகிறது. நின்ற இடத்தில் மெதுவாக ஓடும் இன்ஜின் தருகிற கரண்டை, அணைக்கவே முடியாத அந்த ஹெட்லைட்டே தின்றுவிடுகிறது. போனது திரும்புவதில்லை. பேட்டரி பிழைக்கட்டும் என்று தினமும் ஸ்டார்ட் செய்தாள். அப்படித் தினமும் ஸ்டார்ட் செய்துதான் அதைத் தீர்த்திருக்கிறாள்.

ஜோஷிக்கு நிம்மதி. தன் வேலையில் குற்றம் இல்லையே. கரை வந்ததும் ஜங்காரில் இருந்த அத்தனை வண்டிகளும் ஒரே நேரத்தில் ஸ்டார்ட் ஆகின. அந்த இரைச்சலில் என் காதருகே குனிந்து, "சேட்டா, ஒரு சார்ஜர் கொடுத்தா போதுமே. ராத்திரி குத்தி வெச்சா, எத்ர வருஷம் வேணும்னாலும் ஸ்டார்ட் ஆவும்" என்றார்.

அது எனக்கும் தெரியும். சார்ஜர் என் பையிலேயே இருந்தது. அதைக் கொடுத்துவிட்டால் மீனு பத்து வயசு வரைக்கும் டாட்டா சொல்லிக்கொண்டிருப்பாள்.

திரும்பி வந்தபோது லைலாத்தா தன் வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவர் நல்ல பேச்சுக்காரி. ஆனால் அன்று குரலை இறக்கித்தான் பேசினார். "ஜூன்ல ஸ்கூல் திறக்கும். அங்கெ ஏதெங்கிலும் குட்டி சொல்லிடும், உன் அப்பா மரிச்சுப் போச்சுன்னு. நான் தொடங்கி வெச்ச பாவம். எனக்கு உறக்கமில்லை மோனே" என்றார். கண்ணீர் வெங்காயத்தால் இல்லை என்பது எனக்குத் தெரிந்தது.

அன்று ராத்திரி ஷீஜா பேட்டரியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "இனி தினமும் ஸ்டார்ட் ஆவும் அல்லே?"

"ஓட்டினா ஆகும்."

"ஓட்டலேன்னா? வேற வழி இல்லியா அத்தான்?"

"இல்ல" என்றேன். சார்ஜரைத் துணிக்கு அடியில் தள்ளிப் பையின் ஜிப்பை இழுத்தேன். ஒரு பொய்யை நிறுத்த நான் ஒரு பொய் சொன்னேன். செல்வமாக இருந்தால் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பான். ஷீஜாவுக்கு என் முகம் அவ்வளவு பழக்கமில்லை.

விடியக்காலையில் நான் ஓட்டிப் பார்க்கிறேன் என்றேன். ரோட்டில் ஓடும்போது சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். எப்படியும் அந்த நேரத்துக்கு வண்டி ஸ்டார்ட் ஆகத்தான் வேண்டும். ஷீஜாவுக்குப் பதில் நான். அவள் அலமாரி மேலிருந்து செல்வத்தின் ஹெல்மெட்டை எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள். உள்ளே அவனுடைய தலை எண்ணெய் வாசனை இன்னும் போகவில்லை. மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

செல்ஃப் தொட்டதும் பிடித்துக்கொண்டது. லைட்டு எதிர்ச்சுவரில் விழுந்தது. ஷீஜா கண்ணைக் காட்டியதும் ஹாரனை ஒரு தட்டு தட்டினேன். உள்ளே "டாட்டா" கேட்டது. கியர் போட்டேன். வண்டி நகர்ந்தது. சிலந்தி வலை அறுந்திருக்கும், நான் பார்க்கவில்லை.

ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. இத்தனை மாதமாக அந்தப் பிள்ளை கேட்டுவந்தது வாசலில் தொடங்கி வாசலிலேயே அணைகிற சத்தம். அதற்கு அவள் புரண்டுகூடப் படுத்ததில்லை. இன்றைக்குத்தான் சத்தம் தூரப் போகிறது, உண்மையிலேயே அப்பா வண்டி எடுத்துக்கொண்டு போன நாட்களில் போனதுபோல. லைன் முனைக்கு வந்திருப்பேன். பின்னாலிருந்து, "அப்பா! அப்பா!" என்று அலறல்.

கண்ணாடியில் பார்த்தேன். தூக்கச் சட்டையோடு தெரு நடுவில் மீனு ஓடிவந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஷீஜா. ஒரு கணம், பேசாமல் ஆக்சிலரேட்டரைத் திருகிப் போய்விடலாம் என்று தோன்றியது. அப்பா இன்றைக்கு நிற்க நேரமில்லாமல் போய்விட்டார் என்று சமாளித்துக்கொள்ளட்டும். கை அதற்கு வரவில்லை. வண்டியைத் திருப்பினேன்.

அவள் அருகில் வந்து நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினேன். ஓடிவந்த மூச்சு வாங்க என் முகத்தைப் பார்த்தாள். பிறகு வண்டியைப் பார்த்தாள். அழவில்லை. யோசித்தாள்.

"பெரியப்பாவா தினமும் வண்டி எடுக்கிறது?" என்றாள்.

பக்கத்து வீடுகளில் கதவுகள் திறந்தன. லைலாத்தா முக்காட்டை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். எல்லோரும் ஷீஜாவைப் பார்த்தார்கள்.

"அல்ல மோளே" என்றாள் ஷீஜா. "அம்மாதான்."

"அப்போ அப்பா?"

சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தேன். ஷீஜா அப்படியே தெருவில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் இழுத்துக்கொண்டாள். சொன்னாள். காய்ச்சல் வந்ததை, ஆஸ்பத்திரியை, புளியங்குடியை, எல்லாவற்றையும் சொன்னாள். மலையாளத்தில்தான் சொன்னாள். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியாமல் போகவில்லை.

மீனு அழுதாள். நாங்கள் எல்லோருமே அழுதோம், ஷீஜா மட்டும் அழவில்லை. அவள் தன் பங்கை முன்பே அழுது முடித்துவிட்டிருந்தாள். பிறகு புட்டும் கடலையும் லைலாத்தா வீட்டிலிருந்து வந்தது. யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மத்தியானம் பையைக் கட்டிக்கொண்டிருந்தேன். மீனு வண்டியின் சீட்டைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றிருந்தாள். உள்ளே வந்து அம்மாவின் சேலையை இழுத்தாள்.

"அம்மே, நாளைக்கு ஹாரன் நான் அடிக்கட்டே?"

ஷீஜா என்னைப் பார்த்தாள். நான் பையின் ஜிப்பைத் திறந்து, துணிக்கு அடியில் கிடந்த சார்ஜரை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். ராத்திரி மாட்டிவிடு, காலையில் கழற்றிவிடு என்று சொல்லிவிட்டுப் படகுக்குக் கிளம்பினேன்.